மன்னிப்புக் கேட்காத கம்பெனி

வீட்டில் அவளுக்கு வாயாடி என்று பெயர். சின்ன வயதில் அண்ணன் வைத்தது. அப்போது நிஜமாகவே வாய் ஓயாமல் பேசுவாளாம். கல்யாணமான பிறகு அந்தப் பெயரை அவன் மாப்பிள்ளையிடம் ஒப்படைத்தான். மாப்பிள்ளையும் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டான். இன்றைக்கு அந்த வீட்டில் வாயைத் திறக்காத ஒரே ஆள் அவள்தான். ஆனால் வைத்த பெயரை மாற்ற யாருக்கு நேரம் இருக்கிறது?

விடுமுறை நாளானால் அண்ணன் மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவான். தங்கையைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்ததாகச் சொல்லுவான். பார்ப்பது என்னவோ மாப்பிள்ளையைத்தான், அதுவும் முறைத்து. இருவருக்கும் நடுவில் சொத்துத் தகராறு கிடையாது, பழைய பகை கிடையாது. கம்ப்யூட்டர் தகராறு.

கம்ப்யூட்டர் செய்கிற கம்பெனிகள் உலகத்தில் எத்தனையோ. அந்த வீட்டைப் பொறுத்தவரை இரண்டே இரண்டு. ஒன்று வெள்ளை, இன்னொன்று கறுப்பு. இரண்டுக்கும் முறையான பெயர் உண்டு. ஆனால் ஒரு பெயரைச் சொன்னால் கணவன் முகம் மலரும், அண்ணன் முகம் கோணும். இன்னொன்றைச் சொன்னால் நேர்மாறு. அதனால் வாயாடி பெட்டியின் நிறத்தை வைத்தே பேசப் பழகிவிட்டாள்.

கணவன் மரச்சாமான் பட்டறை ஒன்றில் சமையலறை அலமாரிகளுக்குப் படம் போட்டுக் கொடுப்பவன். அவனிடம் இருப்பது வெள்ளை. அதைத் துடைக்க மெத்தென்று தனித் துணி வைத்திருக்கிறான். தன் மூக்குக்கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்துக்கொள்வான். அண்ணன் ஸ்டுடியோ வைத்திருக்கிறான். பாஸ்போர்ட் படம், பள்ளிக்கூடக் குரூப் போட்டோ, இப்படி. அவனிடம் இருப்பது கறுப்பு. பையில் போட்டுத் தூக்கினால் ஒரு பக்கத் தோள் இறங்கிப்போகும். என்ன இந்தக் கனம் என்று யாராவது கேட்டால், உள்ளே சரக்கு இருக்கிறது என்பான்.

இரண்டு பெட்டிகளையும் சாப்பாட்டு மேஜையில் எதிரெதிரே வைத்துவிட்டு, தட்டை எங்கே வைப்பது என்று வாயாடியைக் கேட்பார்கள். சுவரில் இருப்பது ஒரே பிளக். இவன் சார்ஜர் அவன் பெட்டிக்குப் பொருந்தாது, அவனுடையது இவனுக்குப் பொருந்தாது. ஆகவே வழக்கு பிளக்கில் தொடங்கும். வெள்ளையின் மூடி ஒற்றை விரலில் திறக்கும் என்பான் கணவன். திறந்து என்ன செய்ய, ஒரு பென்டிரைவ் செருக ஓட்டை கிடையாதே என்பான் அண்ணன். எங்களுடையது மடியில் வைத்தால் சுடாது. எங்களுடையது மாடியிலிருந்து விழுந்தாலும் உடையாது. மாடியிலிருந்து ஏன் விழவேண்டும் என்று இருவருக்குமே தோன்றாது.

இதெல்லாம் வெறும் தொடக்கம். சூடு பிடிப்பது, வாடிக்கையாளரை யார் மரியாதையாக நடத்துகிறார்கள் என்ற கட்டத்தில்தான்.

கணவனின் வெள்ளையில் ஒருமுறை ஓர் எழுத்துக்கட்டை கழன்று கையோடு வந்துவிட்டது. கம்பெனிக்குப் போன் போட்டான். எடுத்த பெண் ஏழு தடவை மன்னிப்புக் கேட்டாளாம். எண்ணி வைத்திருக்கிறான். பிறகு கூரியரில் ஒரு துடைக்கும் துணியும், வருந்துகிறோம் என்று அச்சடித்த அட்டையும் வந்தன. எழுத்துக்கட்டை மட்டும் இன்றுவரை வரவில்லை. பேனா மூடியால் அந்த இடத்தைக் குத்தித்தான் வேலை நடக்கிறது. ஆனாலும் அந்த மரியாதை இருக்கிறதே, அது வேறு எங்கே கிடைக்கும் என்று கேட்பான். அட்டையைக் கண்ணாடி அலமாரியில் நிறுத்தி வைத்திருக்கிறான்.

அண்ணன் இதற்கெல்லாம் மசிய மாட்டான். "மன்னிப்புக் கேக்கறவன் தப்புப் பண்ணவன், மாப்பிள்ளை. எங்க கம்பெனி இதுவரைக்கும் ஒருத்தர்கிட்டயும் மன்னிப்புக் கேட்டதில்ல. அதுதான் தரம்" என்பான்.

இந்த இடத்தில் வாயாடிக்கு நாக்கு நுனி வரை வந்துவிடும். விழுங்கிக்கொண்டு, இன்னும் கொஞ்சம் சோறு போடவா என்று கேட்பாள்.

ஏனென்றால் இரண்டு கம்பெனியையும் அவளுக்குத் தெரியும். அவளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் ஊரில் யாரும் இல்லை.

டயர்க் கடைக்கு மேலே ஒரு மூன்றாம் மாடி. படி ஏறும்போதே ரப்பர் நாற்றம் மூக்கைப் பிடிக்கும். உள்ளே போனால் ஏசி, வரிசை வரிசையாக மேஜை, ஆளுக்கொரு ஹெட்போன். வெள்ளைக் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவை மையம் அதுதான். கறுப்புக் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவை மையமும் அதேதான். இரண்டு கம்பெனிக்காரர்களும் தங்கள் வாடிக்கையாளர்களின் புலம்பலைக் கேட்கும் பொறுப்பை ஒரே மூன்றாவது ஆளிடம் தள்ளிவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். அந்த மூன்றாவது ஆள் அதை வாயாடியிடம் தள்ளிவிட்டிருந்தான். அதே நாற்காலி, அதே ஹெட்போன், அதே வாய். திரையின் மேல் ஓரத்தில் ஒரு பட்டை இருக்கும். அழைப்பு வந்ததும் அது வெள்ளையாக மாறினால் அவளுக்கு ஒரு பெயர், கறுப்பாக மாறினால் இன்னொரு பெயர்.

பெயர் மட்டுமா மாறும்? வெள்ளை என்றால் ஓர் அழைப்பில் குறைந்தது மூன்று முறை மன்னிப்புக் கேட்டாக வேண்டும். கேட்கிறோமா என்று இயந்திரம் எண்ணிக்கொண்டே இருக்கும். கணவனுக்கு ஏழு மன்னிப்பு வழங்கியவள் பக்கத்து மேஜைப் பெண். அந்த வாரம் அவளுக்கு மதிப்பெண் குறைவு, யார் கிடைத்தாலும் வாரி இறைத்துக்கொண்டிருந்தாள். கறுப்பு என்றால் தலைகீழ். அங்கே மன்னிப்பு என்ற சொல்லே வாயில் வரக் கூடாது. மன்னிப்புக் கேட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று அவர்களுடைய வக்கீல் சொல்லியிருக்கிறாராம். மெஷின் வெடித்துப் புகைந்தாலும், "உங்கள் அனுபவத்தைக் குறித்துக்கொண்டோம்" என்றுதான் சொல்ல வேண்டும். அந்த வக்கீல் இன்னொரு விதியும் எழுதி வைத்திருந்தார். பழைய உரையாடல் ஒன்றை ஆதாரமாகக் காட்டி யாராவது புகார் செய்தால், அதன் பதிவை முதலில் புகார் செய்தவர் காதிலேயே முழுக்கப் போட்டுக் காட்டி, ஆமாம் என் குரல்தான் என்று ஒப்புதல் வாங்கிக்கொண்ட பிறகுதான் அடுத்த பேச்சு.

வீட்டில் இதையெல்லாம் சொல்லக் கூடாது என்று சேர்ந்த அன்றே கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அவள் அதற்காகக் கொஞ்சம் பயந்தாள். யாராவது துருவித் துருவிக் கேட்டால் என்ன பொய் சொல்வது என்று யோசித்துக்கூட வைத்தாள். வீண் கவலை. போன் எடுக்கிற வேலை என்றாள், அப்படியா என்றார்கள், முடிந்தது. எந்தக் கம்பெனிக்கு எடுக்கிறாய் என்று கேட்க இரண்டு மேதைகளுக்கும் மூன்று வருடமாக நேரம் கிடைக்கவில்லை. கம்ப்யூட்டரைப் பற்றியே பேசி மாளவில்லையே, பாவம்.

அவளுடைய மேற்பார்வையாளருக்கு மூச்சு என்று பெயர். யாருடைய அழைப்பையாவது அவர் ஒட்டுக் கேட்டால் ஹெட்போனில் ஒரு மெல்லிய மூச்சு கேட்கும், அதனால் வந்த பெயர். கெட்டவர் இல்லை. அவருக்கு மேலேயும் யாரோ மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த மாதம் அவர் வாயாடியைக் கூப்பிட்டு ஒரு சமாச்சாரம் சொல்லியிருந்தார். புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பேசக் கற்றுக்கொடுக்க ஒரு நிரந்தர ஆள் வேண்டும், அவள் பெயரைத்தான் அனுப்பியிருக்கிறார், மாதம் முடியும்வரை ஒரு கரும்புள்ளி விழாமல் பார்த்துக்கொள்ளட்டும். விழுந்தால் பதவியும் இல்லை, இருக்கிற ஒப்பந்த வேலையும் இல்லை.

அந்தப் பயிற்சி அறையை வாயாடி எட்டிப் பார்த்திருக்கிறாள். கதவு உண்டு. ஒரு பலகை, பன்னிரண்டு நாற்காலி. அங்கே அவள் நின்று பேசுவாள், மற்றவர்கள் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார்கள். பதில் சொல்ல வேண்டியதில்லை, குறுக்கே பேச மாட்டார்கள், நடுவில் எழுந்து பிளக்கைப் பிடுங்க மாட்டார்கள். அவள் அந்த வேலையை எவ்வளவு ஆசைப்பட்டாள் என்றால், பஸ்ஸில் வரும்போது தன்னை அறியாமல் உதடு அசைத்துப் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் அண்ணனின் கறுப்புப் பெட்டி மண்டையைப் போட்டது.

பட்டை கறுப்பானது, வணக்கம் சொன்னாள், அண்ணன் குரல் வந்தது. தங்கையின் குரல் என்று அவன் கண்டுபிடிக்கப் போகிறான், அவ்வளவுதான் என்று நினைத்தாள். அவன் கண்டுபிடிக்கவில்லை. கூடப் பிறந்தவளின் குரல் தெரியாதா என்று கேட்கலாம். தெரிய வேண்டுமானால் அவள் பேசியிருக்க வேண்டும், இவன் கேட்டிருக்க வேண்டும். சோறு போடவா என்ற இரண்டு வார்த்தையை வைத்துக்கொண்டு யாரால் என்ன கண்டுபிடிக்க முடியும்? தவிர, ஆபீஸில் அவள் பேசுவது வேறு தமிழ். ஒவ்வொரு சொல்லும் இஸ்திரி போட்டு மடித்தது.

மெஷின் திரை இருண்டுவிட்டது, உள்ளே ஒரு பள்ளிக்கூடத்தின் அத்தனை வகுப்புக் குரூப் படங்களும் இருக்கின்றன என்றான். அவள் விதிப்படி, அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கலாம் என்று சொல்ல வேண்டும். சொல்லத் தொடங்கினாள். அவன் இடைமறித்தான். அண்ணன் இப்படிப் பேசி அவள் கேட்டதே இல்லை.

"மேடம், உண்மையச் சொல்றேன். வாங்கின நாள்லேருந்தே இது சரியில்ல. வெள்ளைதான் வாங்கியிருக்கணும். என் தங்கச்சி வீட்டுக்காரர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரு. அவர்கிட்ட மட்டும் இத ஒத்துக்க முடியாது. ஒத்துக்கிட்டா அப்புறம் எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு அந்த வீட்டுக்குப் போறது? வாரத்துல ஒருநாள் அங்க போய்ச் சாப்பிட்டுச் சண்ட போடறதுதான் மேடம் எனக்கு. மத்த நாளெல்லாம் ஸ்டுடியோவுல நானும் அந்த ஸ்டூலும்தான்."

வாராவாரம் அவன் வருவது கம்ப்யூட்டருக்காக என்றுதான் அவளும் நினைத்திருந்தாள். ஸ்டுடியோ எப்படி நடக்கிறது, சாப்பாட்டுக்கு என்ன செய்கிறாய் என்று அவளும்தான் கேட்டதில்லை. அந்தக் கணத்தில் எந்த விதியும் நினைவுக்கு வரவில்லை. "மன்னிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டாள்.

ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருந்த மூச்சு நின்றுபோனது. அப்போதுதான் அது இருந்ததே அவளுக்கு உறைத்தது.

சொன்னது சொன்னதாகிவிட்டது. மிச்சத்தையும் சொல்லிவிடலாம் என்று, மெஷினைப் பழுதுபார்க்க அனுப்பும்போது உள்ளே இருக்கும் டிஸ்க்கை மட்டும் கழற்றி வைத்துக்கொள்ள அவனுக்கு உரிமை உண்டு, படங்கள் பத்திரமாக இருக்கும் என்றாள். அதுவும் விதியில் இருப்பதுதான். வாடிக்கையாளர் தானாகக் கேட்டால் மட்டும் சொல்லச் சொல்லியிருந்தார்கள். இருப்பதே தெரியாத ஒன்றை எவன் தானாகக் கேட்பான்?

விடுமுறை நாளன்று அண்ணன் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பேச ஆரம்பித்துவிட்டான். டிஸ்க் பிழைத்தது, படங்கள் பிழைத்தன, அதெல்லாம் இருக்கட்டும். யாரிடமும் மன்னிப்புக் கேட்காத கம்பெனி தன்னிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டது. ஊருக்கெல்லாம் ஏழு ஏழாக அள்ளி விடுகிற மன்னிப்பு இல்லை. ஒன்றே ஒன்று, அசல். மன்னிப்புத் துறையில் தன் கம்பெனியின் தனியுரிமை போய்விட்டதே என்று கணவனுக்கு வருத்தம். பிறகு முகம் தெளிந்தது.

"மச்சான், மன்னிப்புக் கேட்டா தப்ப ஒத்துக்கிட்ட மாதிரின்னு நீங்கதானே சொல்லுவீங்க. அப்போ புது மெஷின் குடுக்கச் சொல்லி எழுதுங்க. ரெக்கார்டிங் அவங்ககிட்டயே இருக்கும்."

அத்தனை வருடத்தில் இருவரும் முதன்முதலாக ஒரே பெட்டியின் முன்னால் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தார்கள். அண்ணனுக்குப் புது மெஷின் கிடைக்கும். கணவனுக்கு, கறுப்புக் கம்பெனி தோற்றது என்று எழுத்தில் கிடைக்கும். வெள்ளையின் மேல் பேனா மூடியால் குத்திக் குத்தி, கறுப்பின் மேல் புகார் தயாரானது. உங்கள் மெஷின் பழுதானது என்பதை உங்கள் பிரதிநிதியே மன்னிப்புக் கேட்டு ஒப்புக்கொண்டார், ஆகவே அவர்மேல் எடுக்கும் நடவடிக்கையையும் எங்களுக்குத் தெரிவிக்கவும் என்று கணவன் ஒரு வரி சேர்த்தான். கடைசி வரி எதற்கு என்றால், அது ஒரு கெத்துக்காம்.

வாயாடி கையில் கரண்டியோடு நின்றிருந்தாள். பேசக் கூடாது என்று நினைத்தும் பேச்சு வந்துவிட்டது. "பாவம், அந்தப் பொண்ணுக்கு வேலை போயிடுமே."

"வாய் தவறினா அப்படித்தான்" என்றான் அண்ணன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அவ வேற எடம் பாத்துக்குவா."

"உனக்கு இதெல்லாம் புரியாது. நீ போய் டீ போடு" என்றான் கணவன்.

அவள் போய் டீ போட்டாள். சர்க்கரை போட மறந்துவிட்டாள். இருவரும் குடித்தார்கள், வித்தியாசம் தெரியவில்லை. அடுப்படியில் நின்று அவள் ஒரு கணம் அழுதாள். பிறகு அவளுக்குக் கோபம் வந்தது. முகம் தெரியாத ஒருத்தியின் வேலையை இவ்வளவு சுலபமாகத் தின்றுவிட்டு டீ குடிக்கிறார்கள். அந்த ஒருத்தி தான் என்பது அப்புறம். யாராக இருந்தாலும் இப்படித்தான் செய்வார்கள் என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

இரண்டு நாளில் புகார் மேலே போய்க் கீழே வந்தது. மூச்சு அவளைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவருடைய நிஜ மூச்சு ஹெட்போனில் கேட்பதைவிடச் சத்தமாக இருந்தது. கறுப்புக் கம்பெனிக்காரர்கள் விசாரித்து முடித்துவிட்டார்களாம். மெஷினில் கோளாறு இல்லை, கோளாறு வாயாடியில்தான் என்று முடிவாம். ஒரே ஒரு வழி பாக்கி இருக்கிறது. சாயந்தரம் அவளே அந்த ஆளைக் கூப்பிட வேண்டும். அவனாகவே புகாரை வாபஸ் வாங்குகிறேன் என்று பதிவாகும்படி சொன்னால் எல்லாம் அழிந்துவிடும். கெஞ்சக் கூடாது, மிரட்டக் கூடாது, மன்னிப்பு மட்டும் கேட்கவே கூடாது. இல்லையென்றால் நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அவர் மேஜைமேல் இருந்த ஸ்டேப்ளரைத் திறந்து மூடித் திறந்து மூடினார்.

அந்த ஆள் என் அண்ணன் என்று அவள் சொல்லவில்லை. சொன்னால் அது வேறு கரும்புள்ளி.

கம்பெனியிலிருந்து போன் வரும் என்று தகவல் போயிருந்ததால், சாயந்தரம் கணவன் பட்டறையிலிருந்து நேராக ஸ்டுடியோவுக்கு வந்திருந்தான். ஸ்பீக்கரில் போட்டிருந்தார்கள். வாயாடிக்கு இரண்டு குரலும் தெளிவாகக் கேட்டன. மூன்றாவதாக, மூச்சும் கேட்டது.

அவள் தன் கறுப்புப் பெயரைச் சொல்லி வணக்கம் சொன்னாள். புகாரைப் படித்துக் காட்டினாள். அண்ணன் ஆமாம் மேடம், ஆமாம் மேடம் என்று கேட்டுக்கொண்டிருந்தான். குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் ஒரு முழு வாக்கியத்தைத் தொடங்கி முடிப்பதும், அதன் பிறகு இன்னொன்றைத் தொடங்குவதும், அதற்கு அந்த இரண்டு பேரும் காது கொடுப்பதும் அவளுக்கே புதுசாக இருந்தது. இடையில் கணவன் போனை வாங்கிக்கொண்டான்.

"மேடம், தப்பா நெனச்சுக்காதீங்க, ஒண்ணு சொல்றேன். எவ்வளவு நிதானமா, தெளிவாப் பேசறீங்க. எங்க வீட்டுலயும் ஒருத்தி இருக்கா, இதே மாதிரி போன் எடுக்கற வேலைதான். நாலு வார்த்தை கோவையாப் பேச வராது."

அவள் மேஜையில் இருந்த பேனாவை நேராக்கி வைத்தாள்.

"உங்கள் அனுபவத்தைக் குறித்துக்கொண்டோம்" என்றாள்.

பிறகு, இத்தனை நாள் உளறல் என்று நினைத்திருந்த வக்கீலின் விதி அவளுக்கு நினைவு வந்தது. வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு வக்கீலை நன்றியோடு நினைத்தாள். அதே இஸ்திரி போட்ட தமிழில் சொன்னாள்.

"உரையாடல் பதிவை நீங்கள் ஆதாரமாகக் காட்டியிருப்பதால், விதிப்படி அதை முழுவதும் இப்போதே ஒலிக்கச் செய்ய வேண்டும், ஐயா. குரல் உங்களுடையதுதான் என்று நீங்கள் உறுதி செய்த பிறகு மேலே போகலாம். உங்களுடன் யாராவது இருக்கிறார்களா?"

"எங்க மாப்பிள்ளை இருக்கார் மேடம்" என்றான் அண்ணன் பெருமையாக.

"மிகவும் நல்லது. அவரும் கேட்கட்டும்."

பொத்தானை அழுத்தினாள். முதலில் அவளுடைய வணக்கம் வந்தது. அடுத்து, திரை இருண்ட கதை. பள்ளிக்கூடப் படங்கள். குரல் ரொம்பத் தெளிவாக இருக்கிறதே என்று கணவன் பாராட்டுவது கேட்டது. அடுத்து, "மேடம், உண்மையச் சொல்றேன். வாங்கின நாள்லேருந்தே…"

"நிறுத்துங்க மேடம்" என்றான் அண்ணன்.

அவள் நிறுத்தினாள்.

"முழுவதும் கேட்டாக வேண்டும், ஐயா. அடுத்த பகுதியில்தான் முக்கியமான செய்தி இருக்கிறது."

"வேணாம் மேடம். நான் வாபஸ் வாங்கிக்கறேன்."

ஏன், எதற்கு, இவ்வளவு தூரம் வந்துவிட்டு, என்று கணவன் பக்கத்தில் குதிப்பது கேட்டது. அண்ணன் கணீரென்று மறுபடி சொன்னான். அவனாகவே, சுய நினைவோடு, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் வாபஸ் வாங்குகிறான், இதைப் பதிவு செய்துகொள்ளலாம். கெஞ்சல் இல்லை, மிரட்டல் இல்லை, மன்னிப்பும் இல்லை. கறுப்புக் கம்பெனியின் வரலாற்றிலேயே இவ்வளவு சுத்தமான அழைப்பு இருந்திருக்காது. ஹெட்போனில் மூச்சு நீளமாக ஒரு முறை வெளியே வந்தது. ஹெட்போனைக் கழற்றித் திரும்பிப் பார்த்தாள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் அவர் பயிற்சி அறையின் சாவியைத் தூக்கிக் காட்டினார்.

அண்ணனைக் காட்டிக்கொடுக்கவில்லை, காட்டிக்கொடுப்பேன் என்று காட்டினாள். அவ்வளவுதான். பஸ்ஸில் அதை நினைத்தபோது கொஞ்சம் உறுத்தியது. வாய் தவறினால் அப்படித்தான் என்று அவன் சொன்னதும் கூடவே நினைவு வந்ததால் உறுத்தல் சீக்கிரமே நின்றது.

வீட்டுக்கு வந்தபோது இருவரும் அவளுக்கு முன்பே வந்து மேஜையில் உட்கார்ந்திருந்தார்கள். பழுதுபார்த்துத் திரும்பி வந்த கறுப்பும் மேஜையில் இருக்க, பிளக் வழக்கு நடந்துகொண்டிருந்தது. அவள் செருப்பைக் கழற்றி, பையை மாட்டி, அடுப்படிக்குள் போனாள். கறுப்பின் சார்பில் அண்ணன் வாதாடிக்கொண்டிருந்தான். பயந்து வாபஸ் வாங்கவில்லையாம். அந்த மேடம் அவ்வளவு மரியாதையாகப் பேசினார்கள், போனால் போகட்டும் என்று பெரிய மனசு பண்ணிவிட்டானாம். கஸ்டமரை நடத்துவது என்றால் இப்படி நடத்த வேண்டும். பொம்பளை என்றால் அந்த மேடம் மாதிரி பேசத் தெரிய வேண்டும் என்பதைக் கணவனும் ஒப்புக்கொண்டான். இரண்டு கம்பெனிகளின் ரசிகர்களும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது அன்றைக்குத்தான்.

"வாயாடி, தண்ணி கொண்டா" என்று கணவன் குரல் கொடுத்தான். பதில் வராததால் இன்னொரு முறை கொடுத்தான். "எவ்வளவு நேரமாக் கூப்பிடறது?"

அவள் அடுப்படி வாசலில் வந்து நின்றாள். கையில் தண்ணீர் இல்லை. கையெழுத்துப் போட்ட தாளை அவள் மறக்கவில்லை. எந்தக் கம்பெனி, எந்த மாடி, எந்தப் பெயர் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. நிறுத்தி, நிதானமாக, ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழும்படி சொன்னாள்.

"காத்திருந்ததற்கு நன்றி. உங்கள் அனுபவத்தைக் குறித்துக்கொண்டோம்."

பிளக்குக்கு நீண்ட அண்ணனின் கை அந்தரத்திலேயே நின்றது. அவன் அவளைப் பார்த்தான். தங்கையைப் பார்க்க வந்தவன், எத்தனையோ வருடத்துக்குப் பிறகு தங்கையைப் பார்த்தான். போனில் தான் சொன்னது, வேலை போனால் போகட்டும் என்றது, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அவன் முகத்தில் வந்து போயின. மன்னிப்புக் கேட்கிறவன் தப்புப் பண்ணியவன் என்று வாராவாரம் முழங்கியவன், தட்டைப் பார்த்துக்கொண்டு மெல்லச் சொன்னான்.

"மன்னிச்சுக்கம்மா."

ஒன்றே ஒன்று. அசல்தான். அவளுக்குக் கண் கலங்கியது, தலையை ஆட்டினாள்.

பிறகு கணவன் பக்கம் திரும்பினாள். மன்னிப்பின் அருமை தெரிந்தவன், ஏழு மன்னிப்பையும் எண்ணி வைத்திருப்பவன், அட்டையை அலமாரியில் நிறுத்தியிருப்பவன். அவனுக்கு ஒன்றுகூட வரவில்லை. கழன்றுபோன எழுத்துக்கட்டையின் பள்ளத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தான்.

வாயாடி ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு மேஜையில் உட்கார்ந்தாள். இரண்டு பெட்டிகளையும் ஓரமாகத் தள்ளிவிட்டுக் கையை மடித்து வைத்துக்கொண்டாள். அவசரம் ஒன்றும் இல்லை. நாள் முழுக்க அவளுக்கு இதுதானே வேலை.

"சொல்லுங்க" என்றாள் அவனிடம். "கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்."